தோய்க்கக் கூடாத சொக்ஸ்

அம்மாவும் நானும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, ஒரு பெட்சீற்றை மடித்தது. மல்வேர்னில் எங்கள் அப்பார்ட்மென்ற். ஆளுக்கு இரண்டு முனை.

"இறுக்கிப் பிடி பிள்ளை. எஞ்சினியரிங் படிச்சும் ஒரு பெட்சீற் மடிக்கத் தெரியேல்லை."

நான்கு நாள் கழித்து இறந்துபோனார். இதயம். 1998 மார்ச். வயது ஐம்பத்து நான்கு.

பெயர் புனிதவதி. ஒரு கல்லூரியில் உடுப்புத் தோய்க்கும் அறையில் ஆறு வருடம் வேலை செய்தார். பேஸ்போல் அணியின் சீருடைகள் அவரிடம்தான் வரும். கல்லூரி அணிகளின் ஆட்டப் பருவம் குறுகியது. செப்டெம்பரில் தொடங்கி ஒக்ரோபரில் முடிந்துவிடும். அம்மா ஓர் ஆட்டமும் பார்த்ததில்லை. காற்சட்டை முழங்காலில் உள்ள மண்ணைப் பார்த்தே யார் ஓடியது, யார் ஆடாமல் வாங்கில் குந்தியிருந்தது என்று சொல்லிவிடுவார்.

1996இல் அணி தொடர்ந்து எட்டு ஆட்டங்களை வென்றது. பந்து எறிந்தவன் எட்வேட், அணியில் இருந்த ஒரே தமிழன். மூன்றாவது வெற்றிக்குப் பிறகு தன் சொக்ஸைத் தனிப் பையில் கொண்டுவந்தான்.

"அன்ரி, உதைத் தோய்க்காதேங்கோ. வெண்டுகொண்டிருக்கேக்க தோய்க்கக் கூடாது."

"நாறுதடா."

"நாறட்டும். மற்ற ரீம் ஓடட்டும்."

வீட்டில் ஒருவர் பயணம் வெளிக்கிட்டால் அன்று முழுக்க வீடு கூட்டாதவர் அம்மா. சொக்ஸைச் சுவரில் ஓர் ஆணியில் கொழுவினார். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் எட்வேட் எடுத்துப்போவான், பிறகு திரும்பக் கொழுவுவான்.

இறுதி ஆட்டத்துக்கு முதல் நாள் சரஸ்வதி பூசை. அம்மா வேலைத்தளத்தையும் விட்டுவைக்கவில்லை. தரையைத் துடைத்தார். மெஷின்களுக்குச் சந்தனப் பொட்டு வைத்தார். பூசை நாளில் அறையில் ஓர் அழுக்குத் துணி இருக்கக் கூடாது என்று, தொங்கிய எல்லாவற்றையும் அள்ளிப் போட்டுத் தோய்த்தார். ட்ரையரைத் திறந்தபோதுதான் எட்வேட்டின் சொக்ஸ் கண்ணில் பட்டது.

மைதானத்துக்குப் போய் மண் எடுத்துவந்தார். ஈரமாக்கி, சொக்ஸில் தேய்த்து, ஆணியில் கொழுவினார். எட்வேட் கவனிக்காமல் எடுத்துப்போனான்.

அணி ஓர் ஓட்டத்தால் தோற்றது. கடைசிச் சுற்றில் எட்வேட்டின் பந்துகள் அடிக்க முடியாத அளவுக்கு விலகிப்போயின. அப்படி எறிந்தால் விதிப்படி அடிப்பவனுக்கு ஒரு தளம் இலவசம்; எதிரணியில் நான்கு பேர் மட்டையை அசைக்காமலே நடந்து முன்னேறினார்கள். நான்காமவன் நடந்தபோது முதலாமவன் கடைசித் தளத்துக்கு வந்தான்; வெற்றி ஓட்டம் அப்படித்தான் போனது.

திங்கட்கிழமை சீருடையைத் திருப்பிக் கொடுக்க வந்தான். "எல்லாம் என்னாலதான் அன்ரி. என்ர கைக்கு உது சரிவராது."

அம்மா சீருடையை வாங்கி மெஷினுக்குள் போட்டார். அடுத்த பருவத்தில் அவன் விளையாட வரவில்லை.

அதன் பிறகுதான் சொக்ஸைத் தோய்த்த கதையை அம்மா என்னிடம் சொன்னார். சொக்ஸுக்கும் பந்துக்கும் தொடர்பில்லை என்றேன்.

"உனக்கு இல்லை. அவனுக்கு இருக்கு. நான் உண்மையைச் சொல்லியிருந்தா என்னை ஏசியிருப்பான். தன்ர கையை ஏசியிருக்க மாட்டான்."

அவன் ரூஜ் பக்கம் ஒரு ஹாட்வெயர் கடையில் வேலை செய்கிறான் என்று இந்த ஜனவரியில் அம்மாவுக்குத் தெரியவந்தது. கடையின் பெயரையும் பஸ் இலக்கத்தையும் கலண்டரில் எழுதிவைத்தார்.

"ஸ்னோ கரையட்டும். போய்ச் சொல்லிப்போட்டு வருவம்."

இப்போது ஏப்ரல். தெருவில் பனி இல்லை. எட்வேட்டிடம் இன்னும் ஒருவரும் சொல்லவில்லை.