நெட்டையன் வாசித்த கடிதம்

மட்டக்களப்பில் பேசாப்படம் ஓடிய காலத்தில் படத்துக்காகப் பேசியவர் அருளப்பு. திரைக்கு இடப்பக்கம் ஒரு பெட்டியின்மேல் ஏறி, கையில் பிரம்போடு நின்று கதை சொல்வார். வெள்ளைக்காரன் வாயை அசைத்தால் இவருடைய குரல் கேட்கும். தவசு காலத்தில் கோயிலில் யேசுவின் பாடுகளை வாசித்துப் பழகிய குரல் அது, கேட்டால் கல்லும் கரையும். சண்டைப் படமென்றால் முழங்குவார், அழுகைப் படமென்றால் உருக்குவார். இரண்டும் இல்லாத ஒரு படம் உலகத்தில் உண்டென்று அவர் நினைத்ததே இல்லை.

1929இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அப்படியொரு படம் வந்து வாய்த்தது. கொட்டகைக்காரர் யோகராசா கொழும்பிலிருந்து கேட்டிருந்தது குதிரைச் சண்டைப் படம். பெட்டியைத் திறந்தால் பிரெஞ்சுப் படம். வாசலுக்கும் ஜன்னல்களுக்கும் சாக்குக் கட்டி இருட்டாக்கியாயிற்று, சனமும் பாயில் குந்திவிட்டது.

"உங்கட வாய் இருக்கே, சமாளியுங்க" என்றார் யோகராசா.

படத்தில் ஒரு சின்ன ஊர், ஓர் ஆறு, இரண்டு கூட்டாளிகள். ஒருவன் நெட்டை, பேக்கரியில் பாண் போடுகிறவன். மற்றவன் கட்டை, மணிக்கூடு திருத்துகிறவன். காலையில் நெட்டையன் சூட்டுப் பாணைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வருவான், கட்டையன் அதை இரண்டாகப் பிய்ப்பான். ஆற்றங்கரையில் தூண்டில் போட்டுக்கொண்டு இருப்பார்கள், மீன் படாது. கட்டையனின் தொப்பியைக் காற்று கொண்டுபோகும், நெட்டையன் துரத்துவான். அவ்வளவுதான். கத்தி இல்லை, குதிரை இல்லை, வில்லனும் இல்லை.

அருளப்புவுக்கு வியர்த்தது. "இந்தா வாறான் கள்ளன்!" என்று அடித்து விட்டார். வந்தது ஓர் ஆடு. கொட்டகை விழுந்து விழுந்து சிரித்தது. ஆனால் ஒருவராவது எழும்பிப் போகவேண்டுமே! "இந்த முறையாவது மீன் படுதா பாப்பம்" என்று ஒரு மீன்காரர் தூண்டிலைப் பார்த்துக் கழுத்தை நீட்டினார். ஒன்றுமே நடக்காத இந்தப் படத்தில் அப்படி என்னதான் இருக்கிறது? அருளப்பு தானும் வாயை மூடிக்கொண்டு பார்த்தார். பிறகுதான் விளங்கியது. அது அவரும் முனாப்பும்தான்.

முனாப் காத்தான்குடி நெசவுக்காரர், பதினெட்டு வருடக் கூட்டாளி. படம் மாறினால் வந்து அருளப்புவின் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவார், இன்றைக்கும் அங்கேதான் இருந்தார். வாவியில் ஒரே தோணியில்தான் இருவரும் தூண்டில் போடுவார்கள், அவர்களுக்கும் மீன் படுவது குறைவு. முனாப் குர்ஆன் ஓதுவார், அறபு எழுத்தில் தமிழும் வாசிப்பார். தமிழ் எழுத்து மட்டும் தெரியாது. ஆகவே வீட்டுக்கு வருகிற கடிதத்தை அருளப்புதான் வாசிக்க வேண்டும்.

எட்டு மாதத்துக்கு முன் பினாங்கிலிருந்து ஒரு கடிதம் வந்தது. முனாப்பின் தம்பி பக்கீர் அங்கே ஒரு கடையில் வேலை செய்தான். எழுதியது பக்கீர் இல்லை, கடை முதலாளி. மூன்று நாள் காய்ச்சல், அங்கேயே அடக்கம் செய்துவிட்டோம் என்று முதல் வரியிலேயே இருந்தது. பன்பாய் மறைப்புக்கு அந்தப் பக்கம் அவர்களின் தாய் ஆசியா உம்மாவும் காய்ச்சலில் கிடந்தார்.

"என்ன எழுதியிருக்கான் என்ட புள்ள?"

அருளப்புவின் வாய் தானாகத் திறந்தது. "சுகமா இருக்கானாம் உம்மா. உள்ளுக்க ஒரு தோட்டத்துக்குப் போறானாம். கொஞ்ச நாளைக்குக் கடிதம் வராதாம்."

உம்மா சுகமாகி எழும்பட்டும், முனாப்புக்கும் சொல்லிவிடலாம் என்று நினைத்தார். உம்மா எழும்பினார், நடந்தார், சமைத்தார். இவர் சொல்லவில்லை. இன்றைக்கு நாளைக்கு என்று எட்டு மாதம் போய்விட்டது.

இப்போது திரையில் கட்டையனின் மூக்குக்கண்ணாடி விழுந்து உடைந்தது. தபால்காரன் ஒரு கடிதத்தைக் கொடுத்தான். கட்டையன் அதை வாசிக்கச் சொல்லி நெட்டையனிடம் நீட்டினான். நெட்டையன் பிரித்தான், பார்த்தான், சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டான்.

"ஐயோ, பாருங்க சனங்களே!" அந்தத் தவசுகாலக் குரல் கொட்டகையை நிறைத்தது. "தம்பி செத்துப்போனான்! மூணு நாள் காய்ச்சல்ல கிடந்து செத்துப்போனான்! அங்க தாய் படுக்கையில கேட்டுட்டுக் கிடக்கா, இவன் எப்பிடிச் சொல்லுவான்? தோட்டத்துக்குப் போயிட்டான் எண்டு பொய் வாசிக்கிறான் பாவி!"

பெண்கள் பக்கம் விம்மல் கேட்டது. திரையில் நெட்டையன் கையை எடுத்தான். அவன் சிரித்துக்கொண்டிருந்தான். கட்டையனும் சிரித்தான். அடுத்தாற்போல் ரயிலிலிருந்து ஒரு தடித்த மாமி இறங்கினாள், கையில் கூடை, கூடைக்குள் ஒரு வாத்து. மாமி வாத்தோடு வருகிறாள், அதுதான் கடிதம்!

"செத்தவன் எங்க கா?" என்று ஒருவர் கத்தினார்.

படத்தில் செத்தவன் இல்லை. படுக்கையில் தாயும் இல்லை. சொன்னதை எப்படி விழுங்குவது?

முனாப் எழும்பி நின்றார். "மச்சான், அது பினாங்குக் கடிதமா?"

அருளப்பு தலையை ஆட்டினார். அடி விழும் என்று எதிர்பார்த்தார், விழுந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

"எட்டு மாசம்" என்றார் முனாப். "அவனுக்கு ஒரு யாசீன் ஓதல்ல. ஒரு கத்தம் குடுக்கல்ல. ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் அவனுக்கு நீண்ட ஆயுளக் கேட்டன் மச்சான். மண்ணுக்குள்ள கிடக்கிறவனுக்கு ஆயுளக் கேட்டிருக்கன்."

சாக்கை விலக்கிக்கொண்டு வெளியே போனார். வெயில் உள்ளே அடித்து, திரையில் இருந்த இருவரும் வெளிறிப்போனார்கள்.

இருக்கிறவர்கள் அழாமல் இருந்தால் போதும் என்றுதான் அருளப்பு கணக்குப் போட்டிருந்தார். செத்தவனுக்கும் ஒரு பங்கு உண்டு என்பது, ஒவ்வொரு நவம்பரிலும் தன் தகப்பனுக்குப் பூசை கொடுக்கிற மனுசனுக்கு எட்டு மாதமாகத் தோன்றவே இல்லை. தன்னை நினைக்க அவருக்கே அருவருப்பாக இருந்தது. மறுநாள் காட்சியில் பெட்டியின்மேல் ஏறி ஒரு சொல்லும் பேசாமல் நின்றார். படத்தின் கடைசியில் அந்த வாத்தால் கூட்டாளிகளுக்குள் கோபம் வந்தது. பிறகு நெட்டையன் ஆற்றங்கரைக்குப் பாணோடு வந்தான், கட்டையன் அதைப் பிய்த்தான், கோபம் தீர்ந்தது. வாத்துக்கு மன்னிப்புக் கிடைக்கும், இதற்குக் கிடைக்குமா என்று அருளப்புவுக்கு எரிச்சல் வந்தது.

ஐந்தாம் நாள் முனாப் ஆள் அனுப்பினார். பக்கீருக்காக ஓதிச் சோறு கொடுக்கிற கத்தம், வரவேண்டுமாம். அருளப்பு போனபோது ஓதி முடிந்து, முற்றத்தில் சஹன் சஹனாகச் சோறு வைத்து, ஒவ்வொரு தாலத்தையும் சுற்றிச் சிலர் உட்கார்ந்திருந்தார்கள். முனாப் அவரைப் பார்த்தார், வீட்டுக்குள் கூட்டிப்போனார். மறைப்புக்குக் கீழால் ஒரு கை அந்தக் கடிதத்தை நீட்டியது. மடிப்பெல்லாம் தேய்ந்திருந்தது.

"இத எட்டு மாசமாத் தலகாணிக்குக் கீழ வெச்சுப் படுத்தன் மனே" என்றார் ஆசியா உம்மா. "இப்ப உள்ளத வாசி."

அருளப்பு வாசித்தார். கோயில் குரலும் வரவில்லை, கொட்டகைக் குரலும் வரவில்லை. ஒரு பக்கம்தான். முடிந்தது.

மறைப்புக்குப் பின்னாலிருந்து உம்மா கேட்டார்: "கடைசி நேரத்தில என்னக் கேட்டானாமா?"

அருளப்புவின் வாய் தானாகத் திறந்தது. முனாப் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்ல உம்மா. அதப்பத்தி ஒண்டும் எழுதல்ல."

உம்மா அழுதார். எட்டு மாதம் பிந்திய அழுகை, அடங்க நேரம் எடுத்தது. முனாப் வெளியே போய் ஒரு சஹனைத் தூக்கிவந்து பாயில் வைத்தார். எதிரே உட்கார்ந்து, இறைச்சித் துண்டொன்றை எடுத்து அருளப்புவின் பக்கம் தள்ளினார்.

"சாப்பிடு" என்றார்.