கமலா ஒப்பித்த கதை

போன மாதம் ஹட்டனில் ஓர் அரச அலுவலகத்துக்குப் போனேன், கமலாவுக்குத் துணையாக. என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவள். டவுனில் துணிக்கடையில் வேலை. வீடு பொகவந்தலாவைப் பக்கம், ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் – தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் ஒன்றில்.

அந்த லயத்துக்குப் பின்னால் மண்மேடு பிளவு விட்டிருந்தது. மழை பெய்தால், மேடு சரிந்துவிடுமோ என்று ஒருவருக்கும் தூக்கமில்லை. வேறு இடம் கேட்டுப் பேச, லயத்துச் சனங்கள் கமலாவை அனுப்பியிருந்தார்கள். பஸ்ஸில் வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே வந்தாள்.

"எழுதிட்டுப் போய் வாசிக்கலாமேடி?" என்றேன்.

"பேப்பரைப் பிடிச்சா கண்ணு அதுலயே நிக்கும். மனப்பாடம்னா மூஞ்சியப் பாத்துப் பேசலாம்."

அதிகாரி யாழ்ப்பாணத்துக்காரர். நல்ல மனிதர்தான்... ஆனால் வெளியே நீண்ட வரிசை. கமலா மூச்சுவிடாமல் ஆரம்பித்தாள் – முதல் வீட்டில் சுவர் பிளந்தது, அடுத்த வீட்டில் கைக்குழந்தை, அதற்கடுத்த வீட்டில் நடக்க முடியாத ஒருவர்...

அவர் கையை உயர்த்தினார். "தங்கச்சி, பாடமாக்கினதை ஒப்புவிக்காதேங்கோ. உங்கட பிரச்சினையை மட்டும் சொல்லுங்கோ."

கமலாவின் முகம் சுருங்கியது. ஆனால் எழுந்திருக்கவில்லை.

"என் பிரச்சினை மட்டும்னா ரெண்டு வார்த்தையில முடிஞ்சிரும் சார். வீடு வீடா ஏறி எறங்கிக் கேட்டுட்டு வந்திருக்கேன். அவங்க சொன்னதை உங்ககிட்ட ஒப்படைக்கணும். பாதியில நிறுத்திட்டா, விட்டுப்போன வீட்டுக்காரங்க மொகத்துல எப்படி சார் முழிப்பேன்?"

அவர் பேனாவை எடுத்தார். "சரி, ஒப்புவியுங்கோ. நான் எழுதுறன்."

கடைசி வீடு வரை சொன்னாள். ஒரு வீடும் விடுபடவில்லை.

மறுவாரமே ஆட்கள் வந்து மண்மேட்டைப் பார்த்தார்கள். எல்லாக் குடும்பமும் இப்போது தோட்டத்தின் பழைய கிளப் கட்டடத்தில். நிரந்தர வீடு? அதற்கு இன்னும் நடக்க வேண்டும். நடப்பாள், கமலாவை எனக்குத் தெரியும்.

வீடு திரும்பியதும் அகராதியைப் புரட்டினேன். ஒப்புவித்தல் என்றால் ஒருவர் கையில் சேர்ப்பித்தல். பார்க்காமல் பாடம் சொல்வதற்கும் அதே சொல். வாத்தியார் தந்ததை வாத்தியாரிடமே சேர்ப்பிக்கிறோம் அல்லவா? அதுவே பேச்சில் தேய்ந்து 'ஒப்பித்தல்' ஆகியிருக்கிறது. நாமோ 'சும்மா ஒப்பிக்கிறான்' என்று சிரிக்கிறோம்! கைகட்டி நின்று ஒப்பிக்காமலா நீங்களும் நானும் வகுப்பேறினோம்?

மனப்பாடம் செய்ய ஓர் ஆள் போதும். ஒப்புவிக்க இரண்டு பேர் வேண்டும் – எதிரில் இருப்பவர் வாங்கிக்கொள்ளவும் வேண்டும்.