பிரதமரின் கையெழுத்தில் என் தலையங்கம்

காலை ஆறு மணி பதினேழு நிமிடம். முதலில் பார்த்தது கயிற்றின் நுனியில் இருந்த இரும்புக் கவ்வியை. யாங்கோனில் மாடி வீடுகளின் பால்கனிகளிலிருந்து தெருவரைக்கும் இப்படிக் கயிறுகள் தொங்கும். பத்திரிகைக்காரர் பத்திரிகையைக் கவ்வியில் மாட்டிக் கயிற்றை இழுப்பார், மேலே சின்ன மணி அடிக்கும், நாங்கள் தூக்கிக்கொள்வோம். நான் நான்காம் மாடியில் இருக்கிறேன். வந்த புதிதில், செய்தி கயிற்றில் தொங்கியபடி வீட்டுக்கு ஏறி வருவதை விநோதமாகப் பார்த்துக்கொண்டு நிற்பேன். அன்றைக்கு ஏறி வந்த பத்திரிகையின் வெளிநாட்டுப் பக்கத்தில், கட்டைவிரல் அளவுப் படத்தில், எங்கள் பழைய பத்திரிகை ஆசிரியர் இருந்தார். என் நாட்டின் பிரதமராக முந்தைய நாள் பதவி ஏற்றிருக்கிறார். புதுக் கண்ணாடி. சட்டைப் பையில் பேனா இல்லை.

நாட்டின் பெயரை எழுதாமல் விடுகிறேன். கடல் சூழ்ந்த சிறிய நாடு. வாசிக்கும் உங்களில் பாதிப்பேர் அங்கேதான் இருக்கிறீர்கள், மீதிப்பேர் என்னைப் போல் எங்கோ ஒரு மாடியில் இருக்கிறீர்கள். நான் அங்கே இருந்த காலத்தில் அவர் அரசை எதிர்த்து நடந்த ஒரு வார இதழின் ஆசிரியர். நான் உதவி ஆசிரியர். மொத்தம் ஆறு பேர், இரண்டு அறை, மழைக்கு ஒழுகும் கூரை. எங்கள் இதழில் ஒரு வழக்கம் இருந்தது. தலையங்கத்தை யார் எழுதினாலும், அச்சுக்குப் போகும் முன் ஆசிரியர் அதைத் தன் கையால் முழுதாகத் திருப்பி எழுதுவார். மூலப் பிரதியைக் கிழித்துத் தேநீர்ச் சட்டிக்குக் கீழே அடுப்பில் போடுவார். பொலிஸ் எப்போது வந்தாலும் அலுவலகத்தில் ஒரே ஒருவருடைய கையெழுத்துதான் கிடைக்க வேண்டும். நாங்கள் அதைக் கேலி செய்வோம். “ஐயா, இந்த வயதில கொப்பி எழுத்துப் பழகிறீங்களோ?” என்று கேட்பேன். “உம்மட எழுத்துக் கோழி கிளறின மாதிரி. அச்சுக்கோக்கிறவன் பாவமெல்லே,” என்பார்.

அந்தத் தலையங்கத்தை எழுதியவன் நான். லொறிச் சாரதி ஒருவரைப் பொலிஸ் கூட்டிக்கொண்டு போனது, அவர் திரும்பவில்லை. அப்படி ஓர் ஆளே இல்லை என்றார் அமைச்சர். சாரதியின் மனைவி எங்கள் மேசையில் வைத்த பொருட்களை வரிசையாக எழுதினேன்: சாரதி அனுமதிப் பத்திரம், மூக்குக் கண்ணாடி, பாதி மாத்திரைகள் மிஞ்சிய மருந்துப் பட்டை, பிள்ளையின் பாடசாலை அறிக்கையில் தகப்பன் போட்ட ஒப்பம். கடைசி வரியில் அமைச்சரிடம் ஒன்று மட்டும் கேட்டேன்: இல்லாத ஆளுக்கு எதற்கு மருந்து? ஆசிரியர் ஒரு சொல்லையும் மாற்றவில்லை. உட்கார்ந்து அப்படியே தன் கையால் திருப்பி எழுதினார். இதழ் வெளிவந்த மூன்றாம் நாள் பொலிஸ் வந்தது. அவர்கள் படியேறும் சத்தம் கேட்டபோது அவர் என் பக்கம் குனிந்து சொன்னார்: “தம்பி, கேட்டால் என்ர கையெழுத்து எண்டு சொல்லும். பொய் இல்லைத்தானே.”

நீதிமன்றத்தில் என்னிடம் இரண்டே கேள்விகள் கேட்டார்கள். இது இவருடைய கையெழுத்தா? ஆம். உங்கள் முன்னிலையில் எழுதினாரா? ஆம். யார் சிந்தித்து எழுதியது என்று யாரும் கேட்கவில்லை. கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னேன். கூட்டாமல், குறைக்காமல், சரி பார்த்து. என் தொழிலில் நான் செய்த மிகத் துல்லியமான வேலை அதுதான். எனக்கு அப்போது மனைவி இல்லை, பிள்ளை இல்லை, தாய் தகப்பன் இல்லை. யாரையும் காரணம் காட்ட முடியாது. பயம் மட்டும் இருந்தது. அவரைச் சிறைக்குக் கொண்டுபோன மாதமே, உளுந்தும் துவரையும் ஏற்றுமதி செய்யும் ஓர் அலுவலகத்தில் ஆங்கிலக் கடிதம் எழுதும் வேலைக்கு யாங்கோன் வந்துவிட்டேன். அதே வேலைதான் இன்றைக்கும்.

அவர் வளர்ந்ததை இங்கிருந்தபடியே, இணையம் வரும் நேரங்களில், பார்த்துக்கொண்டிருந்தேன். சிறைதான் அவரை நாடறிய வைத்தது. வெளியே வந்தபோது வாசலில் கூட்டம் நின்றது. பிறகு கட்சி, இடைத்தேர்தல், எதிர்க்கட்சித் தலைவர் நாற்காலி. ஒவ்வொரு மேடையிலும் அவரை அறிமுகம் செய்கிறவர்கள் அந்தத் தலையங்கத்தின் கடைசி வரியைச் சொல்வார்கள்; கூட்டம் கை தட்டும்; அவர் தலை குனிந்து நிற்பார். அடக்கம் என்று பத்திரிகைகள் எழுதின. ஏன் குனிகிறார் என்பது இரண்டு பேருக்குத்தான் தெரியும்.

பத்திரிகை வந்த அன்று கீழே தேநீர்க் கடைக்குப் போனேன். அங்கே கோ செல்வம் இருந்தார்; ‘கோ’ என்றால் இங்கே அண்ணன். யாங்கோன் துறைமுக வேலைக்கு வந்த தமிழ்க் குடும்பத்தின் நான்காம் தலைமுறை. எங்கள் அலுவலகத்துக்குப் பருப்புத் தரகர். இங்கே எழுதுகிறவனையும் ‘சயா’ என்று அழைப்பார்கள். வாத்தியாருக்கும் அதே சொல்தான்.

“சயா! ஒங்க பத்திரிகைக்காரரு பெரிய மந்திரி ஆயிட்டாராம்ல? ஆத்தைக் கடக்குற டாலாப் படகுல கூட அதே பேச்சு. ஒங்களுக்கு என்ன போஸ்ட்டு? தூதரா வந்துருங்க, நாங்க விசாவுக்கு க்யூவுல நிக்க வேணாம்.”

கடைக்காரர் ஊ தெயின் பர்மிய மொழியில் கேட்டார்: “முதலில் சிறை, பிறகு பிரதமரா? இல்லை, முதலில் பிரதமர், பிறகு சிறையா?”

“சிறைதான் முதலில்.”

“அப்படியென்றால் நல்ல நாடு,” என்றார். சொன்ன கையோடு சுற்றிலும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, துடைத்த மேசையையே மறுபடி துடைக்கத் தொடங்கினார்.

“அவரு உள்ள இருந்தப்ப நீங்க எங்க சயா இருந்தீங்க?” என்றார் செல்வம்.

“இங்கேதான்.”

“அப்ப ஒங்களையும் தேடிருப்பானுங்க. தப்பிச்சு வந்துட்டீங்க. கெட்டிக்காரரு!” அவர் என் தோளில் தட்டினார். என்னை யாரும் தேடவில்லை என்று நான் சொல்லவில்லை. இங்கேயும் கேட்டதற்கு மட்டுமே பதில்.

இரண்டு வாரம் கழித்துப் பிரதமர் அலுவலகத்திலிருந்து ஓர் இளம்பெண் அழைத்தாள். அவருடைய எழுத்துகளை நூலாகத் தொகுக்கிறார்களாம். “சேர், தன்னைச் சிறைக்கு அனுப்பின தலையங்கம் தன்ர இல்லை, உங்கட எண்டு பிரதமர் சொல்லிப்போட்டார். நீங்கள் சம்மதிச்சால்தான் பேர் போடச் சொன்னவர். எப்பிடி எழுதினீங்கள் எண்டு ஒரு குறிப்பும் தாங்கோ. ரெண்டு பக்கத்துக்கு மேலை வேண்டாம். வெள்ளிக்கிழமைக்குள்ளை.”

சம்மதித்தால், அவர் சிறையில் கழித்த வருடங்களின் மேல் என் பெயர் ஏறும். மறுத்தால், மறுபடி அவருடைய கையெழுத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்வேன். இரண்டு நாள் யோசித்துவிட்டு மா கின்னிடம் சொன்னேன். மா கின் என் மனைவி. அவளுடைய பாட்டன் ரயில்வேயில் வேலை பார்த்த தமிழர், அவளுக்குத் தமிழில் சாப்பாட்டுப் பெயர்கள் மட்டும் தெரியும். பர்மிய மொழியில், கடிதம் எழுதுவது போல ஒழுங்காகச் சொல்லி முடித்தேன். “பொய் சொன்னாயா?” என்று கேட்டாள். இல்லை என்றேன். “பிறகு எதற்கு இந்த முகம்?” என்று மீன் கழுவப் போய்விட்டாள். நான் பருப்பு விலையும் பிள்ளையின் காய்ச்சலும் பேசும் மொழி அது. குற்றத்தை அந்த மொழியில் சொன்னால் வேறு யாரோ செய்தது போல இருக்கிறது.

வியாழக்கிழமை எழுதி அனுப்பினேன். முதல் பக்கத்தில் சாரதியின் மனைவி, மேசை, மருந்துப் பட்டை. இரண்டாம் பக்கத்தில் சாட்சிக் கூண்டு, இரண்டு கேள்விகள், இரண்டு பதில்கள், என் பெயர். இரண்டையும் சேர்த்துப் போடுவதானால் சம்மதம் என்று கீழே குறித்தேன்.

அடுத்த கிழமை அவள் அழைத்தாள். “முதலாம் பக்கம் வாசிச்சு அழுதிட்டன், சேர். ரெண்டாம் பக்கத்தை வெட்டியாச்சு.”

“யார் வெட்டியது?”

“பிரதமர்தான். தானே இருந்து வாசிச்சு, தானே கோடு போட்டவர். ‘அந்தப் பிள்ளை இனியும் உந்தப் பாரத்தைத் தூக்கிக்கொண்டு திரியத் தேவையில்லை’ எண்டவர்.”

எனக்கு ஐம்பத்தாறு வயது. எந்த அரசாங்கமும் எங்கள் இதழில் ஒரு வரியை வெட்ட அவர் விட்டதில்லை. இப்போது அரசாங்கமே அவர். வெட்டியது எனக்காக. சேர்த்துப் போடாவிட்டால் சம்மதம் இல்லை என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் தோள்கள் இறங்கின, மூச்சு நீளமாக வந்தது. உடம்புக்கு அது நிம்மதி. “சரி, பிள்ளை,” என்றேன். இந்தக் கட்டுரையை எழுத வைத்தது அந்தச் ‘சரி’தான்.

நூல் போன வாரம் வந்து சேர்ந்தது. வீட்டில் அதை வாசிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். மா கின் என் பெயர் எது என்று கேட்டு, அந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டு, நூலைக் கீழே தேநீர்க் கடைக்கு எடுத்துப் போனாள். நான் பின்னால் போனேன். செல்வம் எழுத்துக் கூட்டித் தமிழில் வாசித்தார். ஒவ்வொரு வரிக்கும் நின்று, ஊ தெயினுக்குப் பர்மிய மொழியில் சொன்னார். மருந்துப் பட்டை வந்த இடத்தில் ஊ தெயின் அடுப்பைத் தணித்தார். வாசித்து முடித்ததும் செல்வம் தாளைப் புரட்டினார். மறுபக்கத்தில் அடுத்த கட்டுரை தொடங்கியிருந்தது.

“அவ்வளவுதானா சயா?” என்று கேட்டார்.

நான் அனுப்பியவை இரண்டு பக்கங்கள்.