பாவ்லோவின் நோட்டும் அண்ணன் வீடும்

காந்திபுரத்து லாட்ஜில் வெளிநாட்டுக்காரர்களுக்கென்று தனிப் படிவம் உண்டு. வெளியே டவுன் பஸ் ஹாரன் காதைக் கிழிக்க, பிறந்து வளர்ந்த ஊரில் நின்று அதை நிரப்பிக்கொண்டிருந்தேன். "ஏனுங்க மேடம், பேச்சு நம்மூருப் பேச்சா இருக்குது, பாஸ்போர்ட்டு இத்தாலிங்களா?" என்றார் மேஜைக்குப் பின்னாலிருந்தவர். "இத்தாலிதானுங்க" என்றேன். சொல்லும்போதே வாய் கூசியது.

பக்கத்தில் என் கணவர் பாவ்லோ தன் இங்கிலீஷ் நோட்டைத் திறந்துவிட்டார். இத்தாலியில் பெர்காமோவுக்குப் படிக்கப் போன இடத்தில் எனக்கு வாய்த்த ஆள். என் அண்ணனிடம் நேரில் பேச வேண்டும் என்பதற்காகவே ஒரு வருடமாக இங்கிலீஷ் கற்கிறார். பல் துலக்கும்போதுகூடச் சந்தேகம் கேட்பார். "இங்கே இத்தாலி என்று எழுதுகிறாய். டாக்ஸிக்காரரிடம் 'ஐ ஆம் ஃப்ரம் ஹியர்' என்றாய். எது சரியான இங்கிலீஷ்?" இரண்டும் சரிதான் என்றேன். "இரண்டும் உண்மையா?" என்றார். மனுசனுக்கு வேறு வேலையே இல்லையா என்று எரிச்சல் வந்தது. பதில் தெரியாத எரிச்சல்தான்.

அண்ணன் என்னிடம் பேசி ஒன்பது வருடமாகிறது. கல்யாணச் சேதியைப் போனில் சொன்னேன். "செரி" என்று வைத்தவர்தான். அப்பாவும் அம்மாவும் போன பிறகு எனக்கென்று மிச்சமிருப்பது காரமடையில் அந்த ஒரு வீடு. இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைத்த அன்றுகூட நான் அழவில்லை. அண்ணிக்கு மெசேஜ் போட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்த மூன்று நாளும் அழுதேன். "நாயித்துக்கெளம வந்துட்டுப் போங்க" என்று அனுப்பியிருந்தார்.

காரமடை போகும் வழியெல்லாம் பாவ்லோவுக்கு ஒத்திகை. "'ஐ ஆம் இத்தாலியன்' என்று ஆரம்பிக்கட்டுமா, 'ஐ ஆம் அன் இத்தாலியன்' என்றா? எதில் மரியாதை அதிகம்?"

"எங்கள் பக்கம் நாடெல்லாம் யாரும் கேட்கமாட்டார்கள். வாசலில் 'வாங்க' என்று சொல்கிறார்களா, அதை மட்டும் பார்" என்றேன். ஊரில் இருக்கும் உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வீட்டிலிருக்கும் ஒவ்வொருவரும் வந்தவரை வாங்க என்று கேட்டாக வேண்டும். கேட்காமல் விட்டதற்காகவே பேச்சு அறுந்துபோன பங்காளிகளை எனக்குத் தெரியும். பெர்காமோவில் கதவைத் திறப்பவர்கள் கன்னத்தில் முத்தமிடுவார்கள். எத்தனை முத்தம் வாங்கினாலும் என்னை யாரும் உள்ளே கூப்பிட்டதாகவே தோன்றாது.

அண்ணன் வாசலிலேயே நின்றிருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. பாவ்லோ மனப்பாடம் செய்ததையெல்லாம் மறந்து கைகூப்பினார்.

"வாங்க மாப்ளே. உள்ள வந்து உக்காருங்க."

மாப்ளே என்றே கூப்பிட்டுவிட்டார். அண்ணன் என் பக்கம் திரும்பினார். நான் காத்து நின்றேன்.

"கேட்டச் சாத்து. நாய் வந்துரும்" என்றார். ஒன்பது வருடத்துக்குப் பிறகு என்னிடம் பேசிய பேச்சு அதுதான்.

வீட்டு ஆளிடம்தான் கேட்டைச் சாத்தச் சொல்வார்கள். கோபம் தீராதவரும் அவ்வளவுதான் பேசுவார். எது என்று அந்த முகத்தில் தெரியவில்லை. அண்ணி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து பாவ்லோவிடம் கொடுத்தார். என்னைப் பார்த்துச் சிரித்தார், பிறகு அண்ணன் முகத்தைப் பார்த்துவிட்டு 'வாங்க' சொல்லாமலே உள்ளே போய்விட்டார்.

"என்னை ஏற்றுக்கொண்டார்கள், இல்லையா?" என்று பாவ்லோ இத்தாலிய மொழியில் கிசுகிசுத்தார். ஆமாம் என்றேன்.

"உன்னை?"

எனக்குத் தொண்டை வறண்டு கிடந்தது. வீட்டு ஆளென்றால் சமையலறைக்குப் போய் நானே மொண்டு குடிக்கலாம். விருந்தாளியென்றால் கொடுக்கும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும். உட்காராமலும் உள்ளே போகாமலும் நடுக்கூடத்தில் நின்றுகொண்டிருந்தேன்.