மிஞ்சிப்போன நட்டு

ஸ்டோர்காரருக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்று தெருவில் சொல்வார்கள். தப்பு. மூக்கு நுனிக்கு வந்து சேர நேரமாகும் இல்லையா? அவருக்கு அந்தத் தாமதம்கூடக் கிடையாது. அவர் தூங்கி எழும்போதே அதுவும் கூடவே எழுந்து உட்கார்ந்துவிடும். பேஸ்ட் டியூபை நடுவில் அமுக்கியது யார் என்று ஒரு கத்தல். வாளியில் கால்வாசித் தண்ணீரை விட்டுவைத்தது யார் என்று இன்னொரு கத்தல். வீட்டில் இருப்பதோ அவரும் மனைவியும் மட்டும்தான்; யார் என்று ஆராய என்ன இருக்கிறது?

பம்புசெட் கம்பெனியில் ஸ்டோர் பொறுப்பு அவருக்கு. ஒரு வாஷர் கேட்டு எவனாவது வந்தால், தேய்ந்த பழைய வாஷரை எடுத்துக் காட்டினால்தான் புதியது கையை விட்டுப் போகும். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு எண்ணுவார். "உங்க அப்பன் வீட்டுச் சொத்துன்னா இப்படி இறைப்பியா?" என்று கேட்டுவிட்டுத்தான் கொடுப்பார். ஒரு போல்ட் கணக்கில் உதைத்தாலும் அன்றைக்கு அந்தப் பக்கம் யாரும் தலைவைத்துப் படுக்க முடியாது.

இப்படிப்பட்ட மனுஷர் வீட்டில் ஒரு மோட்டார் சைக்கிள் இருந்தது. அவர் கையில் வந்தபோதே பழசு. இப்போது அதைப் பழசு என்று சொன்னால் பழசு என்ற சொல்லுக்கே அவமானம். அதை ஓட்டுவது அவர் அல்ல, அவர் மனைவி. அவர் கம்பெனி பஸ்ஸில் போய்விடுவார். அவள் ரத்தப் பரிசோதனை லேப்பில் வேலை செய்கிறாள். விடிந்ததும் வீடு வீடாகப் போய் ஊசி குத்தி ரத்தம் எடுத்துக்கொண்டு வர வேண்டும். ஊரே அவளை லேப் அக்கா என்றுதான் கூப்பிடும். பத்து வீடு போக வேண்டும் என்றால் வண்டி வேண்டும். வேறு வண்டி வாங்க இரண்டு சம்பளமும் சேர்ந்தாலும் போதாது. ஆகவே இந்த வண்டிக்கே உயிர் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கொடுப்பது அவர். நம்பி ஏறி உட்காருவது அவள்.

ஒரு காலத்தில் மெக்கானிக்கிடம்தான் விட்டார்கள். அந்த ஆள் கேட்காமலே ஒரு ஸ்பார்க் பிளக்கை மாற்றிவிட்டு அதற்கும் சேர்த்துப் பணம் கேட்டான். ஸ்டோர்காரர் கடை வாசலில் நின்று போட்ட கூச்சலில் பக்கத்துக் கடைக்காரர்கள் ஷட்டரை இறக்கினார்கள். "இனி எவன் கையும் என் வண்டி மேல படாது" என்று சொல்லிவிட்டு வந்தவர், சொன்னபடியே நின்றார். எண்ணெய் கசியாமல் எஞ்சின் மூடிக்கு அடியில் இருக்கும் கேஸ்கெட் போனால் நாட்காட்டி அட்டையை அளந்து வெட்டினார். சீட்டுக்கு அடியில் பழைய டியூபை மடித்து வைத்தார். அவள் சமையலறைத் தட்டிலேயே மண்ணெண்ணெய் ஊற்றி செயினைக் கழுவினார். ஞாயிற்றுக்கிழமை என்றால் வாசலில் சாக்கை விரித்து உட்கார்ந்துவிடுவார். அவள் பக்கத்தில் டார்ச் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். "சரியாப் பிடி! கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு?" என்ற குரல் தெருக்கோடி வரைக்கும் கேட்கும்.

ஒரே ஒரு முறை, சாப்பிடும்போது, "ஒரு தடவை மெக்கானிக்கிட்ட காட்டிடலாமே" என்று அவள் சொன்னாள். தட்டு பறந்தது. அடுப்படிச் சுவரில் அந்த மஞ்சள் கறை இன்னும் இருக்கிறது. அதற்குப் பிறகு அவள் மெக்கானிக் பேச்சை எடுத்ததில்லை.

ஒவ்வொரு முறை வண்டியைப் பிரித்து மாட்டும்போதும் ஏதாவது ஒன்று மிஞ்சும். ஒரு வாஷரோ, ஒரு திருகோ. "கம்பெனிக்காரன் ஒண்ணு ரெண்டு கூடத்தான் போட்டு வெப்பான்" என்று சொல்லி அதைப் பிஸ்கட் டின்னில் போடுவார். டின் நிறைந்துகொண்டே வந்தது. அதைப் பார்த்து அவருக்கு ஒரு நாளும் சந்தேகம் வரவில்லை. கம்பெனியில் ஒரு வாஷர் கூடுதலாக இருந்தால் ஸ்டோரையே தலைகீழாகக் கவிழ்ப்பவர் இவர். ஊருக்குத்தான் உபதேசம்! "இத்தனை வருஷமா ஒரு மெக்கானிக் கை பட்டதில்ல, ஒண்ணும் ஆகல" என்பதைப் பஸ்ஸிலும் கம்பெனி கேன்டீனிலும் கேட்டவரிடமும் கேட்காதவரிடமும் சொல்லித் திரிந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பின் சக்கரத்துக்குப் பிரேக் கட்டை மாற்றினார். மாட்டி முடித்துக் கையைத் துடைக்கும்போது அவள், "எல்லாம் மாட்டியாச்சா?" என்று கேட்டாள்.

"எனக்கே பாடம் எடுக்கறியா? உள்ள போய் வேலையப் பாரு!"

அவள் டார்ச்சை அணைத்துவிட்டு உள்ளே போனாள்.

மறுநாள் காலை அவள் கிளம்பிப் போன பிறகு, டீயைக் குடித்துவிட்டுச் சாக்கை உதறி மடிக்கலாம் என்று வாசலுக்கு வந்தார். உதறினார். ஒரு நட்டு துள்ளி விழுந்து, உருண்டு, படியில் முட்டி நின்றது.

எடுத்துப் பார்த்தார். எந்த நட்டு என்று அவருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பின் பிரேக் தட்டு சக்கரத்தோடு சேர்ந்து சுழன்றுவிடாமல் ஒரு நீளப் பட்டை அதைப் பிடித்துக்கொண்டிருக்கும். அந்தப் பட்டையின் போல்ட்டில் முடுக்க வேண்டிய நட்டு இது. நட்டு இல்லாவிட்டாலும் போல்ட் கொஞ்ச தூரம் தாங்கும். குலுங்கிக் குலுங்கி அது வெளியே நழுவிவிட்டால், அப்புறம் பிரேக்கை மிதித்ததும் தட்டு சுழலும், சக்கரம் பூட்டிக்கொள்ளும், மேலே இருக்கிற ஆள் ரோட்டில் கிடப்பாள். அவள் போகிற வழியிலோ மேம்பாலம் இருக்கிறது. மேம்பாலத்து இறக்கம் நேராக லாரிகள் திரும்பும் நாற்சந்தியில் போய் முடிகிறது. அங்கே பிரேக்கை மிதிக்காமல் யாரும் இறங்க முடியாது.

அவருக்குப் பயம் வந்ததும் வழக்கம்போல அது கோபமாக மாறிவிட்டது. "சனியன் பிடிச்ச நட்டே!" என்று நட்டைத் திட்டினார். சாக்கைத் திட்டினார். பிரேக் கட்டை விற்ற கடைக்காரனின் பரம்பரையைத் திட்டினார். போனை எடுத்து அவளை அழைத்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. "எடுடி, எடுத்துத் தொலைடி!" அவள் எடுக்க மாட்டாள். வண்டி ஓட்டும்போது போனை எடுத்தால் கையை ஒடித்துவிடுவேன் என்று சொல்லி வைத்தவர் யார்? இவர்தான்.

எதிர்வீட்டில் டெய்லர் ஒருவர் இருந்தார். புது ஸ்கூட்டர் வைத்திருப்பவர். அதைப் பார்த்த அன்றே ஸ்டோர்காரர், "இதுக்குப் பேரு வண்டியா? பிளாஸ்டிக் டப்பா" என்று சொன்னதில் இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. இப்போது அந்தக் கதவைத்தான் படபடவென்று தட்டினார்.

"டெய்லரே, சாவியக் குடுங்க!"

"என்ன சாவி?"

"ஸ்கூட்டர் சாவிய்யா! அவ போயிட்டா, நட்டு இங்க இருக்கு!"

டெய்லருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் முகத்தைப் பார்த்தார். நல்ல மனுஷன்; மேற்கொண்டு ஒரு வார்த்தை கேட்காமல் சாவியை எடுத்துக் கொடுத்ததோடு, வண்டியை ஸ்டார்ட் செய்தும் கொடுத்தார்.

பிளாஸ்டிக் டப்பா பறந்தது. வழியில் குறுக்கே வந்த தள்ளுவண்டிக்காரரை ஒரு கத்தல், மெதுவாகப் போன ஆட்டோவுக்கு ஒரு கத்தல், சிவப்பு விளக்குக்கும் ஒரு கத்தல். உள்ளே மட்டும், 'பாலம் ஏறியிருக்கக் கூடாது, பாலம் ஏறியிருக்கக் கூடாது' என்று ஓடிக்கொண்டே இருந்தது. எங்காவது கூட்டம் கூடியிருக்கிறதா என்று ஒவ்வொரு திருப்பத்திலும் எட்டிப் பார்த்தார். ஒரு கூட்டத்தைப் பார்த்ததும் ஸ்கூட்டரைச் சட்டென்று ஓரங்கட்டினார். அது பஸ்ஸுக்கு நிற்கிற கூட்டம்.

பாலம் ஏறுகிற இடத்துக்கு முன்னால், முதல் தூணின் நிழலில், வண்டி நின்றிருந்தது. அதன் பக்கத்தில் அவள் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள்.

ரத்தம் பிடிக்கும் கண்ணாடிக் குழாய்கள் வைக்கும் பை திறந்திருந்தது. ஊசிகளுக்குப் பக்கத்திலிருந்து ஒரு ஸ்பானரை எடுத்தாள். முன் சக்கரத்தில் ஆரம்பித்து, ஒவ்வொரு நட்டாகத் தொட்டு, அசைத்து, முடுக்கிக்கொண்டு வந்தாள். யோசித்து யோசித்துச் செய்கிற வேலை இல்லை அது. கை தானாகப் போனது. உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. யாரைத் திட்டுகிறாள் என்று கேட்க வேண்டியதில்லை. பின் சக்கரத்துக்கு வந்ததும் ஒரு மாத்திரை டப்பாவைத் திறந்தாள். அதற்குள் நட்டுகள். ஒன்றைப் பொறுக்கியெடுத்துப் பட்டையின் போல்ட்டில் மாட்டி முடுக்கினாள்.

ஸ்டோர்காரர் கையில் அதே அளவு நட்டு இருந்தது. அந்த நிமிஷம் அவர் என்ன செய்திருக்க வேண்டும்? அப்பாடா என்று தரையில் உட்கார்ந்திருக்க வேண்டும். இந்த மனுஷன் என்ன செய்தார் தெரியுமா?

"ஏய்! யாரைக் கேட்டு என் வண்டில கை வெச்ச?"

அவள் திடுக்கிடக்கூட இல்லை. ஸ்பானரோடு எழுந்து நின்றாள். இத்தனை வருஷத்தில் அவர் பார்த்திராத ஒரு முகம். எள்ளும் கொள்ளும் வெடித்தது அதில்.

"உங்க வண்டியா? மேல உக்காந்து போறது யாரு? விழுந்தா மண்டை உடையறது யாருக்கு?"

"எத்தனை நாளா நடக்குது இது?"

"பெடல் விழுந்த நாள்லேர்ந்து."

"எந்தப் பெடல்?"

"பாத்தீங்களா, அதுகூட உங்களுக்குத் தெரியாது. இதே பாலத்து இறக்கத்துல பிரேக் பெடல் கழண்டு விழுந்துச்சு. பின்னாடி தண்ணி லாரி. ஓரத்துச் சுவர்ல வண்டிய உரசி உரசி நிறுத்தினேன். அன்னிக்கு வீட்டுக்கு வந்து உங்களுக்குச் சோறு போட்டேன். வாயத் திறந்தேனா?"

"ஏன் சொல்லல?"

"எதுக்கு? இன்னொரு தட்டு பறக்கவா?"

அவருக்குச் சும்மா நிற்கத் தெரியவில்லை. "இதெல்லாம் உனக்கு யாரு சொல்லிக் குடுத்தா?" என்றார்.

"நீங்கதான். ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை டார்ச் பிடிச்சுக்கிட்டுத் திட்டு வாங்கறது யாரு? நீங்க கழட்டறதையும் பாக்கறேன், மாட்ட மறக்கறதையும் பாக்கறேன்."

"அப்ப இந்த நட்டு..."

"நேத்தே தெரியும். சாக்கு ஓரத்துல கிடந்துச்சு. எல்லாம் மாட்டியாச்சான்னு கேட்டேனே? நீங்க என்ன சொன்னீங்க?"

அவருக்கு ஞாபகம் வந்தது. மூஞ்சியில் ஈயாடவில்லை.

"தெரிஞ்சே ஏறி வந்தியா?" குரல் இறங்கிவிட்டிருந்தது.

"பாலம் வரைக்கும் போல்ட் தாங்கும். மெதுவா வந்தேன். இதை வீட்டு வாசல்ல மாட்டினா நீங்க பாப்பீங்க. நட்டு இல்லன்னா வேற நட்டு போட்டுக்கலாம். உங்க கோவத்துக்கு எந்த ஸ்பானர் சேரும், சொல்லுங்க? அதுக்கு இது பரவாயில்லன்னு தோணுச்சு." அவள் ஸ்பானரைப் பையில் போட்டாள். குரலில் அழுகை இல்லை, அத்தனையும் ஆத்திரம். "ஒண்ணும் ஆகல, ஒண்ணும் ஆகலன்னு ஊரெல்லாம் பெருமையடிக்கறீங்களே. ஏன் ஆகலன்னு ஒரு நாளாவது யோசிச்சீங்களா?"

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டுவிட்டு அவள் வண்டியில் ஏறினாள். ரத்தம் கொடுக்க வெறும் வயிற்றோடு ஒரு பெரியவர் காத்துக்கொண்டிருப்பாராம். ஒரே உதையில் வண்டி கிளம்பியது. வளைந்து போகிற அந்தப் பாலத்தில் ஏறி, மறுபக்கம் இறங்கி, கண்ணுக்கு மறையும்வரை அவர் பார்த்துக்கொண்டு நின்றார். இறக்கத்தில் பிரேக் விளக்கு எரிந்தது. அது எரிந்து அணையும்வரை அவர் மூச்சு விடவில்லை.

ஸ்கூட்டர் கிளம்ப மறுத்தது. பட்டனை அமுக்கு அமுக்கென்று அமுக்கினார். அந்த வழியே மூட்டையோடு போன ஒருவர், "பிரேக்கைப் பிடிச்சுக்கிட்டு அமுக்குங்க சார்" என்றார்.

"எனக்குத் தெரியும்!" என்று பாய்ந்தார். தெரியாது. அந்த ஆள் போகிறவரை காத்திருந்து, பிரேக்கைப் பிடித்து அமுக்கினார். கிளம்பியது.

டெய்லர் வாசலிலேயே நின்றிருந்தார். சாவியை வாங்கிக்கொண்டு, "ஒண்ணும் ஆகலையே?" என்று கேட்டார். ஊரெல்லாம் இவர் சொல்லித் திரிந்த அதே வார்த்தை.

"அவ பாத்துக்கிட்டா" என்றார். அப்புறம் ரொம்பக் கஷ்டப்பட்டு, "நல்ல வண்டி" என்றும் சொன்னார்.

அந்த வாரம் முழுவதும் வீட்டில் அவள் பேசவில்லை. இவருக்கும் கத்துவதற்கு வாய் வரவில்லை. பேஸ்ட் டியூப் நடுவில் அமுங்கியே கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போலச் சாக்கை விரித்து, கிளட்ச் கேபிளை மாற்றி, எல்லாவற்றையும் மாட்டினார். டார்ச் பிடிக்க அவளைக் கூப்பிடவில்லை. முடித்த பிறகு, உள்ளே பார்க்காமல், சுவரைப் பார்த்து, "ஒரு தடவை வந்து பாத்துடு" என்றார்.

அவள் வந்தாள். தன் பையிலிருந்து தன் ஸ்பானரைக் கொண்டுவந்தாள். வாசலிலேயே, தெரு பார்க்க, குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். டெய்லர் ஜன்னலில் நின்று பார்ப்பது ஸ்டோர்காரருக்குத் தெரிந்தது. அவர் டார்ச்சை எடுத்து வெளிச்சம் காட்டினார்.

மூன்றாவது நட்டில் ஸ்பானர் அரைச் சுற்று சுற்றியது.

"அது நான் முடுக்கினதுதான்" என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு.

"அரைகுறையா." அவள் நிமிரவில்லை. "வெளிச்சம் எங்க போகுது? சரியாப் பிடிங்க. கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு?"

கோபம் சுர்ரென்று தலைக்கேறியது. காது மடல் சுட்டது. வாய்வரை வந்துவிட்ட வார்த்தையை எச்சிலோடு விழுங்கிவிட்டு, டார்ச்சைக் கொஞ்சம் இடது பக்கமாகத் திருப்பிப் பிடித்தார்.