காய்ச்சலோடு வரச் சொன்ன டாக்டர்

வரப்பில் நின்று நடவு ஆட்களை அதட்டிக்கொண்டிருந்தவன், அப்படியே சேற்றில் விழுந்தேன். உடம்பில் நல்ல காய்ச்சல். கண் விழித்தபோது, "முதலாளியே நடவுக்கு இறங்கிட்டாரு!" என்று பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் பயம் பிடித்துக்கொண்டது. மஸ்கட்டில் வேலை பார்த்த என் அண்ணன், சின்ன வயதிலேயே ஒரு நாள் காய்ச்சல் என்று படுத்தவர், தூக்கத்திலேயே போய்விட்டார். மாரடைப்பு என்றார்கள்.

தஞ்சாவூரில் இசிஜி (இதயத்தின் மின்னோட்டத்தைக் கோடாக வரையும் பரிசோதனை) எடுத்தார்கள். நார்மல். அடுத்த காய்ச்சலில் மறுபடி மயக்கம், மறுபடி இசிஜி, மறுபடி நார்மல். "வாயுவா இருக்கும்" என்றார் ஒரு டாக்டர். அன்றிலிருந்து ஒவ்வொரு ஏப்பத்துக்கும் சாமிக்கு நன்றி சொன்னேன்.

ஆனாலும் நெஞ்சில் ஏதோ இருக்கிறது என்று என் மனைவி செல்வியிடம் சொல்லிக்கொண்டேதான் இருந்தேன். படுக்கப் பயம். சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே கண்ணயர்வேன். "எந்த ஊரு பஸ்ஸுங்க இது?" என்பாள் என் மனைவி.

பிறகு ஒரு இதய மருத்துவரைப் பார்த்தோம். சின்ன வயதுப் பெண். அண்ணன் போன கதையைக் கேட்டு, இரண்டு இசிஜி தாள்களையும் பார்த்துவிட்டு, "இது எடுக்கிறப்ப காய்ச்சல் இருந்துச்சா?" என்றார்.

"இல்லீங்க மேடம். விட்டப்புறம்தான் வந்தோம்."

செல்வி குறுக்கே புகுந்தாள். "டாக்டரைப் பாக்கக் காய்ச்சலோடவாங்க வருவாங்க? மாத்திரை போட்டு, வெந்நீர்ல குளிக்க வச்சு, சலவைச் சட்டை மாட்டித்தாங்க கூட்டிட்டு வந்தேன்."

டாக்டர் சிரித்துவிட்டார். எங்கள் பக்கத்தில் ஆஸ்பத்திரிக்கும் கல்யாணத்துக்குப் போவதுபோலத்தான் கிளம்புவோம். அந்த மரியாதைதான் நோயை ஒளித்து வைத்திருந்தது.

"புருகாடான்னு ஒண்ணு இருக்குங்க" என்றார். (பரம்பரையாக வரும் துடிப்புக் கோளாறு. இதயத் தசை பார்க்க நன்றாகவே இருக்கும். மின்னோட்டம்தான் தடம் புரளும்.) "அந்தக் கோடு வரும், போகும். காய்ச்சல்ல நல்லாத் தெரியும். அடுத்த தடவை உடம்பு சுட்டா உடனே வாங்க. இசிஜி எடுத்த கையோட நானே மாத்திரை தர்றேன்."

காய்ச்சல் வந்தது. கால் சேறு காயாமல் ஆட்டோவில் ஏறினேன். நெஞ்சில் ஒட்டும் இசிஜி முனைகளை வழக்கமான இடத்தைவிட ஒரு விலா மேலே ஒட்டியும் எடுத்தார்கள். தாளைப் பார்த்த டாக்டர் தலையாட்டினார்.

"இருக்குல்ல? நான்தான் சொன்னேன்ல!" என்று கைதட்டிக் கத்திவிட்டேன். உயிருக்கு ஆபத்து என்பதைக் கேட்டுக் கைதட்டிய நோயாளியை அவர் அதற்குமுன் பார்த்திருக்கமாட்டார். செல்வி அழுதுகொண்டே என் தொடையில் கிள்ளினாள்.

இப்போது நெஞ்சுத் தோலுக்கடியில் ஐசிடி (துடிப்பு தாறுமாறானால் மின்னதிர்ச்சி கொடுத்து நேராக்கும் சிறு கருவி) இருக்கிறது. "உங்க நெஞ்சுல ஏதோ இருக்குன்னு இப்பதாங்க நம்புறேன்" என்றாள் செல்வி. அண்ணன் மகனையும் விடாமல் இழுத்துப்போனேன். அவனுக்கும் அதே கோடு. அண்ணனைப் பிடித்தது அவனைப் பிடிக்குமுன் நாங்கள் அதைப் பிடித்துவிட்டோம்.

உங்கள் வீட்டில் யாராவது சின்ன வயதில் திடீரென்று போயிருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். ஒரு நார்மல் தாளோடு நிம்மதியாகிவிடாதீர்கள். காய்ச்சலையும் வளர விடாதீர்கள்.

இப்போதெல்லாம் மல்லாந்து படுக்கிறேன். துடிப்பு கேட்கிறது. ஒன்றுக்கும் அடுத்ததுக்கும் நடுவே ஒரு சின்ன இடைவெளி இருக்கிறது. ஐம்பது வருஷம் அதைக் கவனிக்காமலே ஓட்டிவிட்டேன். இப்போது அங்கேதான் குடியிருக்கிறேன். நல்ல காற்றோட்டமான இடம்.