லாட்ஜா, அக்கா வீடா?

போன ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் ஒரு காப்பிக் கடையில் வைத்து நல்ல நண்பர் ஒருவரைப் புண்படுத்திவிட்டேன். நல்லது சொல்லப் போய்த்தான்.

ஈப்போக்காரர். மணியம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேலையாக வந்திருந்தார். பள்ளி விடுமுறைக்கு மனைவி மக்களோடு சிங்கப்பூரைச் சுற்றிப் பார்க்க வரப் போகிறாராம். குடும்பத்துக்கு இதுதான் முதல் தடவை. எங்கே தங்கினால் தோதுப்படும் என்று கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்தார். நாங்கள் புது ஃப்ளாட்டுக்குக் குடிபோனது அவருக்குத் தெரியும்.

சிராங்கூன் சாலையில் சுத்தமான லாட்ஜ் ஒன்று இருக்கிறது, அறை சொல்லி வைக்கிறேன் என்றேன்.

மணியம் கோப்பையைக் கீழே வைத்தார். “நம்ம என்ன அந்நியமா லா?” என்றார்.

வீட்டுக்கு வந்து கமலாவிடம் சொன்னேன். விஷயத்தை அவரிடம் சொல்லியிருக்கலாமே என்றாள். காப்பிக் கடையில் சொல்கிற விஷயமா அது? சரி, பத்திரிகைப் பத்தியில் எழுதட்டுமா என்று கேட்டேன். எழுதச் சொன்னாள். அக்கா பேரை மட்டும் போடவேண்டாம் என்றாள்.

போடவில்லை. அக்கா என்றே எழுதுகிறேன்.

ஐம்பதுகளின் கடைசி. அப்போது நான் மலாயாவில் தைப்பிங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணி, கணக்கெழுதும் வேலை. கல்யாணமான புதிது. நாகப்பட்டினம் பக்கத்திலிருந்து கமலாவைக் கட்டிக்கொண்டு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. கப்பலைவிட்டுப் பினாங்கிலேயே இறங்கிவிட்டதால் அவள் சிங்கப்பூரைப் பார்த்ததில்லை. நானும்தான். லீவு கிடைத்தது. ரயிலுக்கு டிக்கெட்டும் எடுத்தாயிற்று. எங்கே தங்குவது?

நான் லாட்ஜ் என்றேன். புதுமாப்பிள்ளை வேறு என்ன சொல்வான்?

ஆனால் கமலாவின் அக்கா சிங்கப்பூரிலேயே தஞ்சோங் பகாரில் இருந்தார். கணவர் துறைமுகத் தொழிலாளி. தொழிலாளர் குடியிருப்பில் ஒரே ஓர் அறை. கூடப் பிறந்தவள் இருக்கிற ஊரில் லாட்ஜில் தங்கினால் அவளைச் செருப்பால் அடித்த மாதிரி என்று கமலா சொல்லிவிட்டாள். அக்கா கல்யாணமாகிக் கப்பலேறிய நாளுக்குப் பிறகு அவள் அக்காவைப் பார்க்கவே இல்லை. லாட்ஜ் பேச்சை நான் அதோடு விட்டுவிட்டேன்.

ரயிலடியிலிருந்து நடக்கிற தூரம்தான். அக்கா வாசலில் காத்துக்கொண்டு நின்றார். தங்கையின் கன்னத்தைத் தடவித் தடவிப் பார்த்தார். அறையின் குறுக்கே கொடி கட்டி ஒரு பழைய புடவையைத் தொங்கவிட்டிருந்தார். கட்டில் இருந்த பக்கம் எங்களுக்கு. அடுப்பு இருந்த பக்கம் பாயில் அவரும் சகலையும். வேண்டாம் என்று நான் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை.

மறுநாள் காலை ஊர் சுற்றக் கிளம்பிக்கொண்டிருந்தோம். கசங்கிய சட்டையும் துணிப்பையுமாக ஒருவர் நடையில் வந்து நின்று அக்காவைக் கூப்பிட்டார். அக்கா வெளியே போய்ப் பேசினார். ரொம்ப நேரமில்லை. யாரது என்று கமலா கேட்டதற்கு, விலாசம் தப்பி வந்த ஆள் என்றார். பிறகு பொதுக் குழாயடிக்குப் போய்த் தலை முழுகிவிட்டு வந்தார். ஒரே புழுக்கம் என்றார்.

சிங்கப்பூர்ப் புழுக்கத்தைப் பற்றித்தான் நிறையக் கேள்விப்பட்டிருந்தோமே... நம்பினோம்.

அன்றிலிருந்து ஒரே சுற்றல். பூமலைப் பூங்காவில் குரங்குகள். மியூசியக் கூரையில் தொங்கிய திமிங்கில எலும்புக்கூடு. நியூ வேர்ல்ட் கேளிக்கைப் பூங்காவில் ராட்டினம். உச்சிக்குப் போனதும் கமலா என் கையை இறுகப் பிடித்துக்கொண்டு சிரித்தாள் பாருங்கள்... அப்படிச் சிரித்து அதற்கு முன்பு நான் பார்த்ததில்லை. அக்கா கீழே நின்று, அண்ணாந்து, கையசைத்தார்.

காளியம்மன் கோயிலுக்குப் போனோம். செருப்பைப் பார்த்துக்கொள்கிறேன் என்று அக்கா வாசலிலேயே நின்றுவிட்டார். கமலா வாங்கிக் கொடுத்த பூவைத் தலைவலி என்று பையில் வைத்துக்கொண்டார். எங்களுக்கு மீன் குழம்பு வைத்துவிட்டுத் தான் ரசம் ஊற்றிக்கொண்டார்.

எழுதும்போது எல்லாம் வரிசையாகத் தெரிகிறது. அப்போது தெரிந்ததா? ஊரைப் பார்க்க வந்தவனுக்கு ஊர்தான் கண்ணில் படும். சோறு போடுகிறவர் முகம் எங்கே படுகிறது?

கடைசி நாள் சாமான் வாங்கப் போனோம். சிராங்கூன் சாலையில் ஒரு ஜவுளிக்கடை. நாகூர்க்காரர் கடை. ஊரிலிருக்கிற தன் அம்மாவுக்குக் கம்பளி வேண்டும் என்றாள் கமலா. அம்மாவுக்கு இழுப்பு. பனிக்காலம் வந்தால் படுக்கமுடியாது, விடியவிடிய உட்கார்ந்திருப்பார். கப்பலில் போகிற யாரிடமாவது கொடுத்தனுப்பலாம் என்பது அவள் கணக்கு. கடைக்காரர் சளைக்காமல் விரித்துப் போட்டார். கமலா ஒன்றை எடுத்து அக்காவின் கையில் வைத்தாள்.

“இது பாருக்கா. அம்மாவுக்குக் கதகதன்னு இருக்குமா?”

அக்கா கம்பளியைத் தடவிக்கொண்டே நின்றார். கமலா மறுபடியும் கேட்டாள்.

“வாங்காதேடி,” என்றார் அக்கா. “அம்மா போயிடுச்சு.”

துணிப்பையோடு அன்று காலையில் வந்தவர் விலாசம் தப்பி வந்தவர் இல்லை. அவர்கள் ஊர்க்காரர், கப்பலிலிருந்து இறங்கிச் சேதி சொல்ல நேரே வந்திருக்கிறார். இழுப்பில்தான் போயிருக்கிறது. அவர் கப்பல் ஏறும் முன்பே காரியமெல்லாம் முடிந்துவிட்டதாம். சகலைக்கும் தெரியும். எங்களிடம் சொல்லிவிடும்படி அவர் சொல்லிப் பார்த்திருக்கிறார். போய் முகத்தைப் பார்க்கவா முடியும், இவளாவது சந்தோஷமாக ஊரைப் பார்த்துவிட்டுப் போகட்டும் என்று அக்கா தடுத்துவிட்டார்.

கடைக்காரர் ஸ்டூலை இழுத்துப் போட்டுக் கமலாவை உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை. அழவும் இல்லை.

“ராட்டினத்துக்கு முந்தியா, பிந்தியா?” என்று கேட்டாள்.

“முந்தி,” என்றார் அக்கா.

லாட்ஜுக்குப் போகலாம் என்று என்னிடம் சொன்னாள் கமலா. அக்காவைத் திரும்பிப் பார்க்காமல் தெருவில் இறங்கிவிட்டாள். அக்கா தனியாக பஸ் ஏறிப் போனதைக் கடைக்காரர் பிறகு சொன்னார்.

அதே சாலையில் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு மேலே லாட்ஜ். பலகைத் தடுப்பு, எண்ணெய் வாடை, கயிற்றுக் கட்டில். கமலா தலை முழுகிவிட்டு வந்து கதவைச் சாத்தினாள். பிறகு வாய்விட்டு அழுதாள். பக்கத்து அறையில் பாடிக்கொண்டிருந்த ரேடியோ நின்றது. ஒருவரும் வந்து என்ன ஏது என்று கேட்கவில்லை. அது எவ்வளவு பெரிய உபகாரம் என்று அன்றுதான் தெரிந்தது.

மறுநாள் காலை தூக்குச்சட்டியோடு அக்கா படியேறி வந்தார். கமலா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். நான், ராத்திரி அக்கா வீட்டுக்குப் போய் எடுத்துவந்த பெட்டியின்மேல். அக்கா நின்றுகொண்டே இருந்தார்.

சுவரைப் பார்த்தபடியே கமலா பேசினாள்.

“எனக்கும்தானேக்கா அம்மா. என்னைச் சிரிக்க விட்டுட்டு, நீ மட்டும் தனியா அழுதிருக்கியே.”

“நான் எங்கடி அழுதேன்?” என்றார் அக்கா. குரல் உயரவில்லை. “புடவைக்கு அந்தப் பக்கம் நீங்க படுத்திருந்தீங்க. குழாயடியில எந்நேரமும் ஆளுங்க. எங்க போயி அழுவேன்?”

கமலா திரும்பி அக்காவைப் பார்த்தாள். எழுந்து வந்து தூக்குச்சட்டியை வாங்கிக் கீழே வைத்தாள். நான் வெளியே வந்தேன். என் பின்னால் கதவு சாத்திக்கொண்டது.

கீழே கடையில் உட்கார்ந்தேன். மேலேயிருந்து சத்தம் வந்தது. ஒன்றல்ல, இரண்டு குரல். பரிமாறுகிறவர் ஒருமுறை கூரையைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் எனக்கு ஒரு டீ கொண்டுவந்து வைத்தார்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத ஆசைதான். ஆகவில்லை. பிறகு நாங்கள் சிங்கப்பூருக்கே வந்துவிட்டோம். இரு வீட்டுக்கும் போக்குவரத்து உண்டு. தீபாவளிக்குப் பலகாரம் வரும், போகும். அந்தச் சில நாட்களைப் பற்றி மட்டும் இருவரும் வாய் திறப்பதில்லை. அக்கா செய்தது சரியா, தப்பா? கமலாவிடம் ஒருமுறை கேட்டேன். தெரியலைங்க என்றாள். எனக்கும் தெரியவில்லை.

தெரிந்தது ஒன்றுதான். இப்போதெல்லாம் எந்த ஊருக்குப் போனாலும் முதலில் லாட்ஜில் இறங்கிக் குளித்துவிட்டு, ஒரு சீப்புப் பழத்தோடுதான் சொந்தக்காரர் வீட்டுப் படியேறுகிறேன். கோபித்துக்கொள்கிறார்கள். கோபித்துக்கொள்ளட்டும்.

அழுவதற்கென்று அவர்களுக்கும் ஒரு மூலை மிச்சமிருக்க வேண்டாமா?